புல்தரை கேள்வி பதில்: அள்ளிக் கொட்டாதீர்கள், மக்க விடுங்கள்

சென்னை கோல்ஃப் மைதானம் ஒன்றில் புல்தரைப் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பெரிய புல்தரை இருக்கிறது. வெட்டிய புல்லைக் குழியில் கொட்டி மக்க வைக்கிறோம். ஒரே வாரத்தில் கொழகொழவென்று ஆகிக் கண் எரிகிற நாற்றம். கோல்ஃப் மைதானத்தில் அவ்வளவு புல்லையும் என்ன செய்கிறார்கள்? (வாசகி, தாம்பரம்)

பதில்: பெரும்பாலும் அள்ளுவதே இல்லை அம்மா. ஃபேர்வே என்கிற நீளமான புல்வெளியில் வெட்டிய துணுக்குகள் விழுந்த இடத்திலேயே மக்கிவிடும். காய்ந்த புல்லின் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு வரை தழைச்சத்து இருக்கிறது. அதை வெளியே கொட்டிவிட்டுக் காசு கொடுத்து யூரியா மூட்டை வாங்குவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பந்தை விழ வைக்கும் குழி இருக்கிற, கிரீன் என்கிற பகுதியில் மட்டும், பந்து தடங்கலின்றி உருள வேண்டும் என்பதால், இயந்திரக் கூடையில் பிடித்து எடுத்துவிடுவோம். உரக் குவியலுக்கு வருவது அந்தப் புல்தான்.

உங்கள் நாற்றத்துக்குக் காரணம், பச்சைப் புல்லை மட்டும் கொட்டுவது. அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபது பங்கு கரிச்சத்துகூட இருக்காது. நன்றாக மக்க 25 முதல் 30 பங்கு வேண்டும். மிஞ்சிய தழைச்சத்து அம்மோனியாவாகிக் கண்ணை எரிக்கிறது. ஈரப்புல் பாய் மாதிரி படிந்து காற்றையும் அடைத்துவிடும். அதனால் ஒரு கூடை புல்லுக்கு இரண்டு மூன்று கூடை சருகு சேருங்கள். எங்கள் மாலிகள் தூங்குமூஞ்சி மரச் சருகைத்தான் கூட்டிச் சேர்ப்பார்கள். சின்ன இலை, சீக்கிரம் மக்கும். மாவிலை, பாதாம் இலை என்றால் நொறுக்கிப் போடுங்கள்.

குழியை மண் போட்டு மூடிவிடுங்கள், மழையில் தண்ணீர் நிற்கும். தரைக்கு மேலே இடுப்பளவுக்காவது குவியுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் வர வேண்டும். சில நாளில் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறும். இரும்புக் கம்பியைச் செருகி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள், பிடிக்க முடியாமல் சுட்டால் சரி. சூடு தணியும்போது, ஓரத்தில் கிடப்பது நடுவுக்கு வரும்படி புரட்டுங்கள். களை விதை சாவது அந்தச் சூட்டில்தான்.

ஆனால் பிடுங்கிய கோரையை அதில் போடவே போடாதீர்கள். ஓரத்தில் ஒரு கிழங்கு தப்பினாலும் போச்சு, உரத்தோடு அதையும் தோட்டம் முழுக்க நீங்களே இறைத்துவிடுவீர்கள். களைக்கொல்லி அடித்த புல்லும் வேண்டாம். சில மருந்துகளின் வீரியம் மக்கிய பிறகும் போகாது. தக்காளி இலை சுருண்டுவிடும். மூன்று மாதம் போல ஆனதும், கையில் எடுத்தால் மண் வாசனை வரும். அப்புறம் சலித்துத் தூவலாம்.

கேள்வி: அந்த உரத்தைக் கிரீனிலும் போடுவீர்களா? (வாசகர், கோவை)

பதில்: மாட்டோம். கிரீனுக்கு அடியில் இருப்பது மணல். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி கட்டியதென்றால் மேலே 30 செ.மீ. மணல் கலவை, கீழே 10 செ.மீ. ஜல்லி. அதன்மேல் மக்குரம் தூவினால் துளைகள் அடைத்து நீர் தேங்கும், பாசி பிடிக்கும். கிரீனுக்குச் சலித்த மணல், ஃபேர்வேக்கு உரம்.

கேள்வி: ஐப்பசி மழைக்கு முன்னால் யூரியா போட்டால் புல் தளதளவென்று வளரும் என்கிறார் கடைக்காரர். போடலாமா? (வாசகர், சென்னை)

பதில்: வளரும், கூடவே பூஞ்சையும் வளரும். மழை மாதத்தில் நாள்கணக்கில் இலை ஈரமாக இருக்கும். யூரியாவில் தளதளத்த இளம்புல்லை அந்த ஈரத்தில் பூஞ்சை சுலபமாகப் பிடித்து, வட்டவட்டமாகப் பழுப்பாக்கிவிடும். ஆவணிக்குள் தரையில் துளை போட்டு மணல் தூவி முடித்துவிடுங்கள். கோடை முழுக்க உப்புத் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். துளை திறந்திருந்தால் மழையே அந்த உப்பைக் கீழே கழுவிவிடும், இலவச வைத்தியம். மார்கழி, தையில் இரவு குளிரால் வளர்ச்சி மந்தமாகும். பசியில்லாத புல்லுக்கு ஊட்டாதீர்கள். மாசிக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: ஊட்டியில் காலை உறைபனியில் புல்தரையில் நடந்தால் கறுப்பு அடித்தடம் விழுகிறது. பூச்சியா? (வாசகி, உதகை)

பதில்: இல்லை, உங்கள் செருப்பு. உறைந்த இலையை மிதித்தால் உள்ளே செல்கள் நொறுங்கிவிடும். வெயில் வந்து பனி உருகும் வரை யாரையும் இறங்க விடாதீர்கள். மைதானங்களிலும் அப்படித்தான், எவ்வளவு பெரிய உறுப்பினர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: வீட்டுப் புல்லையும் கிரீன் மாதிரி ஒட்ட வெட்டலாமா? அது என்ன ரகம்? (வாசகர், மதுரை)

பதில்: ரகம் என்ன, நம் அருகம்புல்லும் அதன் ஒட்டு ரகங்களும்தான். கிரீன்களில் நடும் ஒட்டு ரகங்களுக்கு முளைக்கும் விதை கிடையாது, கரணையாகத்தான் நட வேண்டும். விதைப் பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள். கிரீனை 3, 4 மில்லிமீட்டரில் நிறுத்த உருளைக் கத்தி இயந்திரமும் அனேகமாக தினசரி வெட்டும் வேண்டும். வீட்டுக்கு 3 செ.மீ. போதும். ஒரு தடவைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கத்தியைச் சாணை பிடித்து வையுங்கள்.