தீம் பார்க் ஆண்டு பாஸ்: தவணையில் வாங்கலாமா?

பொழுதுபோக்குப் பூங்காக்களின் ஆண்டு பாஸை மாதத் தவணையில் வாங்குவது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: ஊருக்கு வெளியே உள்ள ஒரு பூங்காவில், நான்கு பேருக்கான ஆண்டு பாஸை 12 மாதத் தவணையில் தருகிறார்கள். பரீட்சை, மழை என்று நாலைந்து மாதம் எங்களால் போகவே முடியாது. அந்த மாதங்களில் தவணையை நிறுத்தி வைக்கலாமா?
– ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: முடியாது. கேபிளுக்கு மாதாமாதம் கட்டுவதுபோல இதையும் நினைப்பதால்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் வாங்குவது ஒரு வருட பாஸ். அதன் முழு விலையும் முதல் நாளே உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. தவணை என்பது அதை அடைக்கும் வழி மட்டுமே. மழையில் ராட்டினம் நின்றாலும் தவணை நிற்காது.

ஓ.டி.பி. சொல்வதற்கு முன் கேட்க வேண்டியது, கடன் கொடுப்பது யார் என்பதைத்தான். பூங்காவே தவணை வாங்கிக்கொள்வதானால், முதல் தொகையை வாங்கிக்கொண்டு மீதிக்கு யு.பி.ஐ. ஆட்டோபே (மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி) பதிவு செய்வார்கள். இதில் பொதுவாக வட்டி என்று தனியே இருக்காது. ஆனால் மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி. தவணை தவறினால் நுழைவாயிலில் பாஸ் வேலை செய்யாது.

கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. என்றால், பூங்காவுக்கு முழுப் பணமும் அப்போதே போய்விடும். பிறகு உங்களுக்குக் கணக்கு வங்கியோடுதான். பாஸ் விலை அளவுக்குக் கார்டு வரம்பு முடங்கும், தவணை கட்டக் கட்டத் திரும்பும். அவசர ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதே கார்டை நம்பியிருக்கும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும்.

மூன்றாவது வகையில்தான் அதிகக் கவனம் தேவை. கவுண்டரில் ஒரு செயலியைத் திறக்கச் சொல்லி, ஆதார், பான் வாங்கி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பேரில் தரும் தனிக்கடன். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது ஏறும். தாமதமானால் அந்தத் தாமதமும் ஏறும். ரிசர்வ் வங்கி விதிப்படி, கடனுக்கு முன் முக்கிய விவரங்கள் கொண்ட தாளை அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம் இருக்கும். மாதத் தவணையை விட்டுவிட்டு அந்த வரியைத் தேடுங்கள். செயலி வழிக் கடனுக்கு யோசித்து விலகும் காலமும் குறைந்தது ஒரு நாள் உண்டு. அதற்குள் அசலையும் அதுவரைக்கான வட்டியையும் திருப்பிக் கொடுத்தால் அபராதம் கிடையாது.

கேள்வி: 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' என்கிறார்கள். உண்மையிலேயே வட்டி இல்லையா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: வட்டி இருக்கிறது, அதை வேறு ஒருவர் ஏற்கிறார். கிரெடிட் கார்டு பாக்கிக்குப் பூஜ்ய வட்டித் திட்டம் என்ற பெயரில் உண்மை வட்டியை மறைப்பதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்தது. அதனால் இப்போது வங்கி வழக்கம்போல் வட்டி போடும், விற்பவர் அந்த வட்டி அளவுக்கு விலையைக் குறைப்பார்.

12,000 ரூபாய் பாஸ், 12 மாதம், ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,083 ரூபாய், மொத்த வட்டி சுமார் 997 ரூபாய். இந்த 997-ஐ விற்பவர் கழித்துக்கொடுப்பதுதான் 'நோ காஸ்ட்'. ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி., அதாவது சுமார் 180 ரூபாய், உங்கள் தலையில்தான். பரிசீலனைக் கட்டணம் 199 ரூபாய் என்றால் வரியோடு 235. ஆக, செலவே இல்லை என்றதற்கு 415 ரூபாய் செலவு. தள்ளுபடி இல்லாத சாதாரண இ.எம்.ஐ.யில் இது 1,412 ரூபாய்.

சின்னத் தொகையைக் குறுகிய தவணையில் போடுவது இன்னும் மோசம். 6,000 ரூபாயை 3 மாதத்தில் கட்டும்போது அந்த 235 ரூபாய் மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 24 சதவீத வட்டிக்குச் சமம்.

நிதி நிறுவனங்கள் சொல்லும் 'ஃபிளாட்' வட்டியிலும் கவனம் வேண்டும். 12,000 ரூபாய்க்கு ஃபிளாட்டாக 14 சதவீதம் என்றால் வட்டி 1,680, மாதம் 1,140. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 12,000-க்கே கணக்காகிறது. உண்மை வீதம் சுமார் 25 சதவீதம். எங்கள் கருத்தில், பொழுதுபோக்குக்காக இந்த விலை கொடுக்கக் கூடாது.

பாஸ் விலையில் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கமா என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: கணக்கில் பணம் இல்லாததால் ஒரு தவணை திரும்பிவிட்டது. பூங்காவில் பாஸை முடக்கிவிட்டார்கள், வங்கியும் அபராதம் பிடித்தது. இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: முதலில் அந்தத் தவணையைத் தனியாகக் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டியதைத் தவணை வசூலிப்பவரிடம் சொல்லாவிட்டால், அதே தவணைப் பணத்தை எடுக்க மறுபடி வங்கிக்குக் கோரிக்கை அனுப்பிவிடுவார்கள். கணக்கில் பணம் இருந்தால் இரண்டு முறை போகும். இல்லாவிட்டால் இரண்டாவது அபராதம்.

தவணை தேதியைச் சம்பளத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்து மாற்றித்தரச் சொல்லுங்கள். ஐந்தாம் தேதி தவணை, ஏழாம் தேதி சம்பளம் என்றால் ஒவ்வொரு மாதமும் இதே கதைதான். கார்டு, யு.பி.ஐ. ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் வர வேண்டும் என்பது விதி. 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றால் ஒவ்வொரு முறையும் நீங்கள் ஒப்புதல் தர வேண்டும், அந்த ஒப்புதல் கோரிக்கையைக் கவனிக்காமல் விட்டாலும் தவணை தவறியதாகவே ஆகும்.

கடன் வங்கியோ நிதி நிறுவனமோ கொடுத்ததானால், அபராதத்தைக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம், அதன்மேல் வட்டி போடக் கூடாது. 2024 முதல் நடப்பில் உள்ள இந்த விதி கிரெடிட் கார்டுக்குப் பொருந்தாது. வசூலுக்குப் பேசுபவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் செயலியில் ஆட்டோபேயை ரத்து செய்தால் பணம் எடுப்பதுதான் நிற்கும், பாக்கி அப்படியே இருக்கும்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் மகள் டிஸ்னிலேண்ட் பாஸை மாதத் தவணையில் வாங்கியிருக்கிறாள். நாங்கள் நான்கு மாதம் அங்கே தங்கப் போகிறோம். எங்களுக்கும் அப்படி வாங்கலாமா?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: அங்கே 'மேஜிக் கீ' எனப்படும் ஆண்டு பாஸுக்கு மாதத் தவணை கலிஃபோர்னியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டிலும் அந்த மாநிலத்தவருக்குத்தான். முன்பணம் போக மீதியை வட்டியில்லாமல் 12 மாதத்தில் கட்டுகிறார்கள். மகளின் பாஸில் நீங்கள் போக முடியாது, அது ஆளுக்கானது. மேலும் 2021-இல் வந்த மேஜிக் கீ பாஸுக்கு முன்பதிவும் வேண்டும், பாஸ் வகையைப் பொறுத்து அனுமதி இல்லாத நாட்களும் உண்டு. இரண்டு மூன்று நாள் பார்க்க, பல நாள் டிக்கெட் போதும்.

கேள்வி: ஒரு பூங்காவில் பாஸ் வாங்கிய இரண்டாம் மாதமே தண்ணீர் விளையாட்டுகளைப் பராமரிப்பு என்று மூடிவிட்டார்கள். தவணையை நிறுத்தலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: கடன் கொடுத்தது வங்கியானால் நிறுத்தாதீர்கள். பூங்காவின் குறைக்கு உங்கள் சிபில் மதிப்பெண் விழும். பூங்காவுக்கு மின்னஞ்சலில் எழுதி, எந்த நாள், எந்த விளையாட்டு மூடியிருந்தது என்று படத்தோடு வையுங்கள். பாஸ் காலத்தை நீட்டித்தரக் கேட்பது, பணத்தைத் திரும்பக் கேட்பதைவிட எளிதில் நடக்கும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். குறை வங்கியின் மீது என்றால், புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தொடர்பு எண் 14448.

பூங்கா பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் கார்டு இ.எம்.ஐ. தானாக நிற்கும் என்று இருந்துவிடாதீர்கள். வங்கியை அழைத்து இ.எம்.ஐ.யை ரத்து செய்யச் சொல்ல வேண்டும்.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆண்டு பாஸ் கட்டுப்படியாகுமா? எப்போது வாங்குவது?
– ஒரு வாசகி, கோடம்பாக்கம்

பதில்: பாஸ் விலையை, நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் டிக்கெட் விலையால் வகுங்கள், ஆன்லைன் தள்ளுபடி, மாணவர் சலுகை போன பிறகான விலை. நாலு என்று வந்தால் ஐந்தாவது முறையிலிருந்துதான் லாபம். ஆனால் பார்க்கிங், லாக்கர், நைலான் உடை வாடகை, சாப்பாடு ஒவ்வொரு முறையும் உண்டு. வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத பூங்காவானால் நாலு பேருக்கு அது சின்னத் தொகை இல்லை.

சென்னையில் அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை மழை, பிப்ரவரி முதல் பரீட்சை. மிஞ்சுவது கோடை, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகள். வாங்குவதானால் மே 10-ஐ ஒட்டி வாங்குங்கள். இந்த வருடக் கோடையின் பின்பாதியும் அடுத்த வருடக் கோடையின் முன்பாதியும் ஒரே பாஸில் வரும். காணும் பொங்கல் போன்ற நாட்களில் பாஸ் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். 'வார நாள் மட்டும்' பாஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் தவிர உதவாது.

தவணைதான் வசதி என்றால், அதை முன்னால் கட்டுங்கள். நவம்பரில் வங்கியில் 6 மாத ஆர்.டி. (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்கி மாதம் 2,000 போட்டால், மே மாதம் 12,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கையில் இருக்கும். அஞ்சலக ஆர்.டி. 5 ஆண்டுக்கானது, இதற்குப் பொருந்தாது.