வாசகர் கேள்வி – பதில்: அறுபதைக் கடந்தவரின் அரை மரதன்

இம்முறை வந்த கடிதங்களில் மூன்று, வயது சென்ற பின் நெடுந்தூரம் ஓடுவதைப் பற்றியவை. மூன்றும் மலையகத்திலிருந்தே வந்திருப்பதால் அவற்றை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியன், வயது 62. மூன்று ஆண்டுகளாகக் காலையில் ஓடிவருகிறேன். அட்டன் டன்பார் மைதானத்திலும் கொட்டகலை வீதியிலுமாக 10 கிலோமீற்றரை 75 நிமிடத்தில் ஓடி முடிக்கிறேன். இன்னும் நான்கு மாதத்தில் கொழும்பில் ஓர் அரை மரதனில் கலந்துகொள்ள விரும்புகிறேன். பிரஷருக்கு ஐந்து வருடமாக மாத்திரை எடுக்கிறேன். மகன் வாங்கித் தந்த கைக்கடிகாரம், இதயத் துடிப்பு 158ஐத் தொட்டாலே எச்சரிக்கை ஒலி எழுப்புகிறது. “இந்த வயதில் இது தேவையா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். என்னால் முடியுமா? எவ்வளவு நேரம் எடுக்கும்? எப்படித் தயாராக வேண்டும்?
— கொட்டகலை வாசகர் (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: முடியும் ஐயா. மூன்று ஆண்டுகள் விடாமல் ஓடி, 10 கிலோமீற்றரை நிற்காமல் முடிக்கும் ஒருவருக்கு 21.0975 கிலோமீற்றர் எட்டாத தூரமன்று. அதற்கு நான்கு மாத கால அவகாசமும் போதும். ஆனால் பயிற்சி அட்டவணையைக் கையில் எடுப்பதற்கு முன், நீங்கள் மாதாமாதம் போகும் கிளினிக்கில் வைத்தியரிடம் இந்த எண்ணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். ஈசிஜி எடுக்கச் சொல்வார். தேவையென்று கருதினால் ட்ரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு இதயத்தைப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்புவார். ஏற்றத்தில் நெஞ்சு இறுகுதல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, கண் இருட்டுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வாயுவாக இருக்கும் என்று சுடுதண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வது கூடாது.

கடிகாரத்தின் எச்சரிக்கையைப் பற்றி. 220இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கையே அது பின்பற்றுகிறது. 220இல் 62 போக 158. 2001இல் வெளியான ஆய்வொன்று இதைத் திருத்தி, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொன்னது. அதன்படி உங்கள் உச்சத் துடிப்பு ஏறக்குறைய 165 ஆகிறது. இதுவும் சராசரிதான், ஒரே வயதுடைய இருவருக்கிடையே 20 துடிப்புக்கு மேலும் வேறுபாடு இருக்கலாம். இதைவிட முக்கியமான விடயம் உங்கள் மாத்திரை. அது அட்டெனொலோல் போன்ற பீட்டா தடுப்பான் வகையைச் சேர்ந்ததானால், இதயத் துடிப்பை அதுவே கீழே பிடித்து வைத்திருக்கும். அப்போது எந்தச் சூத்திரமும் உங்களுக்குப் பொருந்தாது. எனவே மாத்திரையின் பெயரை வைத்தியரிடம் காட்டி, எந்தத் துடிப்பு எல்லைக்குள் ஓடலாம் என்று அவரிடமே கேளுங்கள். நாளாந்த ஓட்டத்துக்குப் பேச்சே நல்ல அளவுகோல்: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு முட்டாமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி, சொல் சொல்லாக அறுந்து வந்தால் கூடுதல்.

வயது நம்மிடமிருந்து எதை எடுக்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. வேகம் குறையும், அது எல்லோருக்கும் தெரிந்ததே. கவனிக்கப்படாமல் போவது ஆறும் நேரம். முப்பது வயதில் நீண்ட ஓட்டமொன்றின் களைப்பு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். அறுபதில் தசையின் சிறு கிழிவுகள் ஆற நான்கு, ஐந்து நாள் கூட எடுக்கலாம். இளைஞர்களுக்கென எழுதப்பட்ட அட்டவணையை அப்படியே பின்பற்றும் மூத்தவர்கள் ஆறாவது, ஏழாவது வாரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவதற்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, நீண்ட ஓட்டத்தை ஏழு நாளுக்கு ஒருமுறை வைக்காமல் பத்து நாளுக்கு ஒருமுறை வையுங்கள். 11 கிலோமீற்றரில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோமீற்றர் கூட்டி, இடையிடையே ஒருமுறை தூரத்தைக் குறைத்து, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 17 அல்லது 18ஐ எட்டினால் போதும். அதற்கு மேல் பயிற்சியில் ஓட வேண்டிய அவசியமில்லை. இடைப்பட்ட நாட்களில் வாரத்துக்கு இருமுறை இலகுவான ஓட்டம், இருமுறை தசைப் பயிற்சி. தசைப் பயிற்சிக்கு எந்தக் கருவியும் வேண்டாம்: கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெதுவாக அமர்வது, படிக்கட்டின் விளிம்பில் நுனிக்காலில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்துவது ஆகிய இரண்டையும் ஒழுங்காகச் செய்தாலே தொடையும் கெண்டைக்காலும் தாங்கும்.

உணவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலை ஓட்டத்துக்குப் பின் ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாக முடித்துக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். வயதான தசை புரதமில்லாமல் ஆறாது. அந்த ரொட்டியோடு இரண்டு முட்டையோ, ஒரு கோப்பை அவித்த கடலையோ சேர வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, றீகல் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் வகுத்த சூத்திரம் ஓட்டக்காரர்களிடையே பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி 10 கிலோமீற்றரை 75 நிமிடத்தில் ஓடுபவர் அரை மரதனை ஏறத்தாழ 2 மணி 45 நிமிடத்தில் முடிக்கலாம். கொழும்பின் வெக்கைக்காக இன்னும் பத்து நிமிடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். போட்டியில் மூன்று மணி நேர எல்லை வைத்திருந்தால் கிலோமீற்றருக்குச் சராசரி எட்டரை நிமிடம் வரை உங்களுக்கு இடமுண்டு. ஆகையால் முதல் ஐந்து கிலோமீற்றரையும் கிலோமீற்றருக்கு எட்டு நிமிடத்தை விட விரைவாக ஓடாதிருங்கள்.

அந்த வெக்கையைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மலையிலிருந்து இறங்கும் ஓட்டக்காரரை ஏமாற்றுவது அதுதான். ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 பாகை குறையும் என்பது பூகோளப் பாடத்தில் நீங்களே கற்பித்திருக்கக்கூடிய கணக்கு. அட்டன் பக்கம் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருப்பதால், உங்கள் உடல் பழகிய காற்றுக்கும் கொழும்புக் காற்றுக்கும் எட்டுப் பாகையளவு இடைவெளி இருக்கும். அதோடு அங்கே ஈரப்பதனும் அதிகம். வியர்வை உலராமல் வழிந்து போனால் உடல் குளிராது. நான் 58 வயதில் முதன்முதலாகக் கொழும்பில் அரை மரதன் ஓடியபோது, விடியுமுன் தொடங்கிய ஓட்டத்தில் கால்கள் இறகு போல இருந்தன. பண்டாரவளையின் ஏற்ற இறக்கங்களில் பழகிய எனக்கு அந்தச் சமதரை விளையாட்டாகத் தோன்றியது. கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடத்தில் பறந்தேன். சூரியன் ஏறிய பின், 16ஆம் கிலோமீற்றருக்கு அருகே முன்கையில் மயிர்க்கூச்செறிந்தது. வெயிலில் நின்றுகொண்டு குளிரை உணர்ந்தேன். ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதும், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தி ஒரு போத்தல் நீரை என் பிடரியில் ஊற்றி, “ஐயா, இருங்கோ, நடக்க வேண்டாம்” என்று தோளைப் பிடித்து நிழலில் இருத்தியதும் நினைவிருக்கின்றன. அன்று நான் ஓட்டத்தை முடிக்கவில்லை. வெக்கையில் உடல் சில்லிடுவது வெப்பத் தாக்கத்தின் முன்னறிவிப்பு என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

உடல் வெப்பத்துக்குப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் தேவை. இரண்டு வாரம் கொழும்பில் தங்க முடியாவிட்டாலும், உறவினர் வீட்டில் ஒரு வாரமாவது தங்கி, தினமும் காலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓடுங்கள். முதல் சில நாட்களிலேயே குருதியின் நீர்ப்பகுதி கூடி இதயத்தின் சுமை குறையத் தொடங்கும்.

தண்ணீர் விடயத்தில் இரு பக்கமும் ஆபத்து உண்டு. வயதாக ஆகத் தாக உணர்வு மங்குவதால் குடிக்க மறந்துவிடுவோம். அதற்குப் பயந்து ஒவ்வொரு மேசையிலும் ஒரு போத்தலைக் காலி செய்தால் குருதியில் சோடியம் நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் வரை கொண்டுபோய்விடும். நீண்ட பயிற்சி ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உங்கள் எடையைப் பாருங்கள்: ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் போயிருக்கிறது. இழந்ததில் பெரும்பகுதியை ஈடுசெய்தால் போதும், எடை கூடவே கூடாது. ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புத் தூள்) கரைத்துக் குடிக்கலாமா என்பதை, பிரஷருக்கு மருந்து எடுப்பவர் என்ற முறையில் வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாக டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென் போன்ற மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன் விழுங்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உடலில் நீர் குறையும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். வேண்டவே வேண்டாம்.

வீதியில் ஓடும்போது வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓடுங்கள். கொட்டகலைப் பனிமூட்டத்தில் வெள்ளைச் சட்டை தெரியாது. ஒளி தெறிக்கும் பட்டி அணியுங்கள்.

வீட்டாரின் கேள்விக்குப் பதிலாக, அவர்களில் ஒருவரைக் கிளினிக்குக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். வைத்தியர் சொல்வதை அவர்களும் நேரில் கேட்கட்டும்.

கேள்வி: எனக்கு 54 வயது. இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தேன். மகளோடு சேர்ந்து ஓடப் பழகி, இப்போது 14 கிலோமீற்றர் வரை ஓடுகிறேன். மலை ஏறும்போது ஒன்றுமில்லை. லயத்துக்கு இறங்கி வரும்போதுதான் முழங்காலும் முன்தொடையும் வலிக்கின்றன. இரண்டாம் நாள் படியிறங்கவே முடிவதில்லை. கால்விரல் நகமும் கறுத்துவிட்டது. அரை மரதனை விட்டுவிடலாமா?
— பதுளைப் பக்கத்து வாசகி

பதில்: விட வேண்டாம் அம்மா. கூடையைச் சுமந்து இருபத்தெட்டு வருடம் மலை ஏறிய நெஞ்சும் காலும் உங்களுடையவை. ஏற்றம் உங்களை ஒன்றும் செய்யாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். இறக்கத்தின் கணக்கு வேறு. ஏறும்போது தொடைத்தசை சுருங்கி உடலை உயர்த்துகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்கிறது, அதில்தான் நார்கள் கிழிகின்றன. ஓடிய அன்று பெரிதாகத் தெரியாமல், ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வலி உச்சத்துக்கு வருவது இதன் இயல்பு. நல்ல செய்தி என்னவென்றால், ஒருமுறை இப்படி வலித்து ஆறிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு வலிக்காது. எனவே இறக்கத்தைத் தவிர்க்காமல், பத்து நாளுக்கு ஒருமுறை சிறிய அளவில் பழகுங்கள். மற்ற நாட்களில் ஏறும்போது ஓடி, இறங்கும்போது நடவுங்கள். இறங்கி ஓடும்போது எட்டி வைத்துக் குதிகாலை ஊன்றி நிறுத்தப் பார்க்காமல், அடியைக் குறுக்கி விரைவாக மாற்றி, பாதத்தை உடலுக்கு நேர் கீழே வையுங்கள்.

நகம் கறுப்பது சப்பாத்தின் குற்றம். நின்றபடி பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். கணுக்காலுக்கு அருகில் உள்ள கடைசித் துளை வரை நாடாவை இறுக்கிக் கட்டினால் இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்காது. சப்பாத்தை மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ அது தசை வலியன்று, வைத்தியசாலையில் காட்டுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. நுவரெலியாவில் வாவியைச் சுற்றி மெதுவாக ஓடுவார், இடையிடையே நடப்பார். “நடந்து நடந்து ஓடுவது மரதனா?” என்று சிலர் கேலி செய்வதால் பெயர் பதியத் தயங்குகிறார். வயதானவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா?
— நுவரெலியா வாசகி

பதில்: ஓடி நடந்து, நடந்து ஓடும் முறையைப் பரப்பியவர் ஜெஃப் காலவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டத்தில் அமெரிக்காவுக்காக ஓடியவர். கேலி செய்பவர்களுக்கு அதைச் சொல்லலாம். களைப்பதற்கு முன்பே நடக்க வேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர்நாடி: நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதானால், முதலாவது நான்கு நிமிடம் முடிந்தவுடனேயே நடக்க வேண்டும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், காற்று மெலிந்த ஊரில் பயிற்சி செய்பவர் அங்கே தம் வேகம் குறைவாக இருப்பதை எண்ணிக் கவலைப்பட வேண்டியதுமில்லை.

மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகளில் 35 வயதிலிருந்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் உண்டு. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல் பிலிப்பைன்ஸில் அத்தகைய போட்டியில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 72. கனடாவின் எட் விட்லொக் 73 வயதில் முழு மரதனை 2 மணி 54 நிமிடம் 48 செக்கனில் ஓடினார். வீதி ஓட்டப் போட்டிகளில் வயதுப் பிரிவை ஏற்பாட்டாளர்களே வகுப்பார்கள் என்பதால், விண்ணப்பத்திலேயே அதையும் நேர எல்லையையும் பாருங்கள். நடந்து ஓடுபவருக்கு மூன்றரை மணி நேரமாவது தரும் போட்டியைத் தெரிவு செய்யுங்கள். அப்பாவின் பிறந்த திகதியைத் தவறாமல் எழுதி, இலக்கத் துணியின் பின்புறத்தில் அவர் எடுக்கும் மருந்துகளின் பெயரையும் உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள்.