நரம்பு வலி தணிந்தால் நோயாளியின் அன்றாட வாழ்க்கை எப்படி மாறுகிறது?

காயத்தைத் தெரிவிக்க வேண்டிய நரம்பே பழுதுபட்டு, காயமில்லாதபோதும் வலிச் செய்தியை அனுப்பிக்கொண்டிருப்பதைத்தான் நரம்பு வலி என்கிறோம். வாசலில் யாருமில்லாமலே இரவெல்லாம் ஒலிக்கும் பழுதான அழைப்பு மணியைப் போன்றது அது. நீண்ட நாள் சர்க்கரை நோயுள்ள சிலருக்கு இரவில் பாதம் எரியும், போர்வை உரசினால்கூடத் தாங்காது. தூக்கம் கெட்டு, சோர்வும் எரிச்சலும் சேர்ந்து, நடைப்பயிற்சியும் நின்றுவிட, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் கடினமாகிறது. மருந்தால் வலி அடியோடு மறைவது அரிது. ஆனால் 10-க்கு 8 என்றிருந்த வலி 5 ஆனாலே பலருக்குத் தூக்கம் திரும்புகிறது. அதுவே முதல் பெரிய ஆறுதல் என்பேன். காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போகும் தெம்பு அதிலிருந்துதான் வருகிறது.

மனச்சோர்வுக்கும் தரப்படும் டுலாக்செட்டின் என்ற மருந்தை நரம்பு வலிக்கு மருத்துவர் எழுதினால், தமக்கு மனநோய் என்று அவர் கருதுவதாகப் பலர் எண்ணி வருந்துகிறார்கள். உண்மையில் அது மூளைக்குச் செல்லும் வலிச் செய்தியைத் தணிப்பதற்காகவே தரப்படுகிறது.