சரக்கு ஏற்ற ஆகாயக் கப்பல் பாதுகாப்பானதா, நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் மாதிரி எரிந்துவிடாதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். 1937இல் அதில் எரிந்தது, மிதப்பதற்காகப் பையில் நிரப்பியிருந்த ஹைட்ரஜன். இப்போது நிரப்புவது ஹீலியம், அது தீப்பிடிக்கவே பிடிக்காது. உண்மையான தலைவலி சரக்கை இறக்கும்போதுதான். ஒரு கன மீட்டர் ஹீலியம் தூக்குவது ஏறக்குறைய ஒரு கிலோ, ஆக 160 டன் சுமக்க எவ்வளவு பெரிய பை வேண்டும் என்று பாருங்கள். சரி, அதைச் செய்துவிட்டாலும், அந்த 160 டன்னைக் கீழே வைத்த நொடியே கப்பல் விர்ரென்று மேலே கிளம்பப் பார்க்கும், அதைப் பிடித்துவைக்க அதே எடைக்குத் தண்ணீரோ மண்ணோ ஏற்ற வேண்டும். நடுக்காட்டில் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அப்புறம் பலமாகக் காற்றடித்தால் அது வேறு தொல்லை. ஜெர்மனியில் கார்கோலிஃப்டர் நிறுவனம் இப்படி 160 டன் சுமக்கும் கப்பலைக் கட்டுவதற்காகவே 360 மீட்டர் நீளக் கொட்டகை கட்டியது. கப்பல் வரவே இல்லை, 2002இல் திவால். கொட்டகைக்குள் இப்போது செயற்கைக் கடற்கரை, மணலில் சாய்வு நாற்காலி!