கண்புரை அறுவைக்குப் பின் +2 பவர் நிற்கிறது: இரண்டாவது லென்ஸ் வைக்கலாமா?

வைக்கலாம். பழைய செயற்கை லென்ஸ், இயற்கை லென்ஸ் இருந்த சவ்வுப் பையிலேயே இருக்கும். புதியது அதற்கு முன்னால், ஐரிஸுக்கு (கண்ணின் நிற வளையம்) பின்னுள்ள சல்கஸ் பள்ளத்தில் உட்காரும். இதை பிக்கிபேக் லென்ஸ் என்பார்கள்.

அவசரம் வேண்டாம். பவர் நிலைக்க சுமார் மூன்று மாதம் விடுங்கள். உலர்கண், பின்சவ்வு மங்கல் (லென்ஸ் பையின் பின்சுவர் மங்குவது), விழித்திரை வீக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். மங்கலுக்குக் காரணம் அவையென்றால் இரண்டாவது லென்ஸ் வீண்.

கணக்கு எளிது, கண்ணின் நீளம் தேவையில்லை. பிளஸ் பவரை 1.5 ஆல், மைனஸை 1.2 ஆல் பெருக்குவார்கள். உங்கள் +2க்கு ஏறக்குறைய +3 லென்ஸ்.

எந்த லென்ஸ் என்பதில்தான் கவனம் தேவை. பைக்குள் வைக்கும் ஒற்றைத் துண்டு அக்ரிலிக் லென்சை சல்கஸில் வைக்கவே கூடாது. அதன் தடித்த, சதுர விளிம்பு ஐரிஸின் பின்புறத்தை உரசும். நிறமி உதிர்ந்து கண்நீர்மம் வெளியேறும் வடிகாலை அடைக்கும். கண் அழுத்தம் ஏறும், சிலருக்கு ரத்தமும் கசியும். சல்கஸுக்கென்றே செய்த சல்கோஃப்ளெக்ஸ் போன்றவற்றில் விளிம்பு உருண்டை. சல்கோஃப்ளெக்ஸின் ஒளிப்பகுதி 6.5 மி.மீ., மொத்த நீளம் 14 மி.மீ.

பின்சவ்வு மங்கலுக்கு அந்தச் சவ்வைத் திறக்கும் யாக் லேசர் ஏற்கெனவே செய்திருந்தால் பழைய லென்சைக் கழற்றுவது ஆபத்து. அங்கே இதுவே மேல். முன்னறை (கருவிழிக்கும் ஐரிஸுக்கும் இடைப்பட்ட இடம்) ஆழம் குறைவென்றால் இது வேண்டாம். கண்ணாடி சிரமமில்லை என்றால் அதுவே போதும்.