கீனோ பாதிரியார் கொண்டுபோனவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரிசோனாவில் டூசான் நகருக்கு வெளியே இருக்கும் சான் ஜேவியர் டெல் பாக் கோவிலின் படத்தை மகள் அனுப்பியிருந்தாள். யுசேபியோ கீனோ என்ற சேசு சபைப் பாதிரியார் கட்டியதாம். தேடிப் படித்தால், ஒரு பக்கம் அவரைப் புனிதராக்கப் போகிறார்கள் என்கிறார்கள். இன்னொரு பக்கம் ஸ்பெயின் பேரரசுக்கு வழி திறந்துவிட்டவர் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? இன்னொன்று: நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், எங்களுக்குச் சவேரியார் திருநாள் டிசம்பர் 3. கீனோ அடக்கமான மெக்சிகோவின் மக்தலேனாவில் அதை அக்டோபர் 4இல் கொண்டாடுகிறார்களாமே, ஏன்?

எஸ்.ஏ.

அன்புள்ள எஸ்.ஏ.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். படத்தில் இருக்கும் வெள்ளைக் கோவில் கீனோ கட்டியதல்ல. பாக்கில் அவர் 1700இல் ஒரு கோவிலுக்கு அடித்தளம் போட்டார். இன்று நிற்பது பிரான்சிஸ்கன் துறவிகள் 1783 முதல் 1797 வரை கட்டியது. 1767இல் ஸ்பெயின் மன்னர் சேசு சபையினரை வெளியேற்றியபின் அந்தப் பணித்தளங்கள் பிரான்சிஸ்கன்கள் கைக்குப் போயின. திருநாள் அக்டோபர் 4க்கு மாறியதற்கும் பொதுவாக இதையே காரணம் சொல்வார்கள். அது அவர்கள் சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸின் நாள். ஆனால் மக்தலேனாவில் படுத்த நிலையில் இருக்கும் சுரூபம் சவேரியாருடையது, 1542இல் உங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியார். இளவயதில் கடும் நோயில் கிடந்தபோது அவரை வேண்டிப் பிழைத்துத்தான் கீனோ சபையில் சேர்ந்தார். சவேரியாரைப் போலச் சீனாவுக்குப் போகத்தான் அவருக்கு ஆசை. சீட்டுப் போட்டதில் மெக்சிகோ விழுந்தது.

இனி பெரிய கேள்வி. கீனோ எதை எடுத்துக்கொண்டு போனார் என்பதிலிருந்து தொடங்கலாம். முதலில் ஓர் அரசாணை. 1687 மார்ச்சில் இன்றைய சொனோரா மாநிலத்தில் டோலோரஸ் பணித்தளத்தைத் தொடங்குவதற்கு முன்பே குவாதலஹாரா போய் அதைக் கையில் வாங்கிக்கொண்டார். 1686 மே 14 தேதியிட்டது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களை 20 ஆண்டுகளுக்குக் கட்டாய வேலைக்கு இழுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அவர் கேட்டது 5 ஆண்டுதான். வெள்ளிச் சுரங்கங்கள் பக்கத்திலேயே இருந்த நாடு அது, கூலியாட்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. சுரங்க முதலாளிகளுக்கு அவர்மேல் ஏன் அத்தனை கோபம் என்பது இதை வைத்தால் விளங்கும்.

அடுத்தது கோதுமை. அங்கே வாழ்ந்த ஓதாம் மக்கள் (ஸ்பானியர் அவர்களைப் பீமா என்றார்கள்) கோடை மழையை நம்பி மக்காச்சோளம், டெப்பாரி அவரை, பூசணி பயிரிட்டவர்கள். மழை ஜூலையில் பிடித்து செப்டம்பரில் விட்டுவிடும். உறைபனி விழுந்தால் மக்காச்சோளம் கருகிவிடும், ஆகவே குளிர்காலத்தில் நிலம் சும்மா கிடக்கும். சேமித்த தானியம் வசந்தத்தில் தீர்ந்துபோக, ஜூன் மாதக் கள்ளிப்பழமும் மெஸ்கீட் மரத்தின் காயும் வரும்வரை பஞ்சம். கோதுமை பனியைத் தாங்கும். நவம்பர், டிசம்பரில் விதைத்து ஆற்றுநீர் பாய்ச்சினால் மே, ஜூனில் அறுவடை, அதாவது சரியாக அந்தப் பஞ்ச மாதங்களில். பழைய பயிர் எதையும் விட வேண்டியதில்லை. பாதிரியார் இல்லாத ஊர்களிலும் கோதுமை வேரூன்றியதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். வட மெக்சிகோவின் அகலமான மெல்லிய கோதுமை ரொட்டி இதன் தொடர்ச்சிதான். (பசுமைப் புரட்சியில் நமக்கு வந்த சொனோரா 64 வேறு ரகம், பெயர் மட்டும் அதே மண்ணுடையது.)

மாடுகளையும் இதே கணக்கோடு நகர்த்தினார். 1700இல் டோலோரஸில் இருந்த 1,400 மாடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஓதாம் மேற்பார்வையாளர் ஒருவர் பொறுப்பில் பாக்குக்கு ஓட்டிவிட்டார். ஊர்கள் பாதிரியார் வேண்டும் என்று கேட்கும். கீனோ அங்கே குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, ஊர்த்தலைவருக்கு அதிகாரக் கோல் கொடுத்து, கோதுமை விதைக்கச் சொல்லி, மாடுகளை அனுப்பி, வரப்போகும் குருவுக்கு மண்வீடு கட்டச் சொல்லிவிட்டுப் போவார். பல ஊர்களுக்குக் குரு வரவே இல்லை. மேலிடம் ஆள் தரவில்லை.

அக்காலத்தில் தீவு என்று நம்பப்பட்ட கலிபோர்னியா தீவு அல்ல என்று அவர் காட்டியதும் இந்த மாடுகளின் கதையைச் சேர்ந்ததே. கடலுக்கு அப்பால் பட்டினியில் தவித்த பணித்தளங்களுக்கு மாடுகளை நிலவழியாக அனுப்ப முடியுமா என்பதுதான் அவர் கவலை. 1685இல் கலிபோர்னியா தீபகற்பத்தின் மேற்குக் கரையில் அவர் பார்த்த நீலச் சிப்பிகளை 1699இல் கீலா ஆற்றருகே பரிசாகக் கொடுத்தார்கள். அந்தச் சிப்பி வளைகுடாப் பக்கம் கிடைப்பதில்லை. அப்படியானால் கைமாறி வர நிலவழி இருக்க வேண்டும். 1701இல் கொலராடோ ஆற்றைக் கடந்தார், 1702இல் கழிமுகத்தை எட்டினார்.

அவருடைய முறை உடைந்த இடத்தையும் சொல்ல வேண்டும். சில பணித்தளங்களில் ஓபட்டா என்னும் வேற்றினத்தாரை மேற்பார்வைக்கு வைத்தார்கள். அவர்கள் அடித்தார்கள். 1695 மார்ச் இறுதியில் டுபுடாமாவில் கலகம் வெடித்தது. ஏப்ரல் 2இல் கபோர்காவில் சயேத்தா பாதிரியாரைக் கொன்றார்கள். கீனோவின் வாக்கை நம்பி, ஜூனில் எல் டுபோவில் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சமாதானம் பேச வந்தவர்களில் ஐம்பது பேர் அளவில் ஸ்பானியப் படை கொன்றது. அதன்பின் பல கோவில்கள் எரிந்தன. அந்த நவம்பரில் கீனோ குதிரை ஏறி 53 நாளில் மெக்சிகோ நகரம் போய் பீமாக்களுக்காக வாதாடினார். அவருடைய நேர்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மக்களை நம்பவைத்து அழைத்தது அவர் வாக்கு, சுட்டது அவர் சார்ந்திருந்த அரசின் துப்பாக்கி. இரண்டையும் பிரிக்க முடியாது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

2020 ஜூலையில் போப் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு இன்னும் இரண்டு படிகள் இருக்கின்றன. அவர் வீரத்தோடு வாழ்ந்தார் என்பதை நானும் மனதார ஏற்கிறேன். ஆனால் சிதறி வாழ்ந்த குடும்பங்களைக் கோவிலைச் சுற்றிக் கூட்டி வைத்தபோது அம்மை நோய்களுக்கு வழி எளிதாகிவிட்டது. கீனோ 1711இல் இறந்தார். 24 ஆண்டுகள் அவருக்குத் தலைமையிடமாக இருந்த டோலோரஸ் அந்த நூற்றாண்டின் நடுவிலேயே ஆளின்றிக் கைவிடப்பட்டது.