அமெரிக்கா, கனடாவில் ட்ரக் ஓட்டுநர்கள் ஓட்டும் நேரத்தையும் கட்டாய ஓய்வையும் எப்படித் திட்டமிடுகிறார்கள்?

"பதினொரு மணித்தியாலம் ஓடிவிட்டு பத்து மணித்தியாலம் படுத்தால் சரிதானே, இதில் திட்டமிட என்ன இருக்கிறது?" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அநேகமாக அண்மையில் ஒன்ராறியோ வந்தவர். பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டத் தேவையான ஏஇசட் லைசென்ஸுக்கான 103.5 மணித்தியாலப் பயிற்சியை முடித்திருப்பீர்கள், அல்லது காசு கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அங்கே பின்பக்கமாக எடுத்து நிறுத்தப் பழக்குவார்கள், பிரேக் சோதிக்கப் பழக்குவார்கள். நேரக் கணக்கை மேலோட்டமாகச் சொல்லிவிட்டுச் சோதனைக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு முதல் லோடிலேயே அந்தக் கணக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும். நான் ரொறொன்ரோவில் இருந்து ஒஹாயோ, கென்டக்கி, ஜோர்ஜியா பக்கம் ஓடுகிறவன். ஓடிய நேரத்தைக் கையால் எழுதுகிற பேப்பர் லொக் புத்தகக் காலத்திலும் ஓடினேன், இப்போது அதை வண்டியிலேயே தானாகப் பதிகிற மெஷின் காலத்திலும் ஓடுகிறேன்.

முதலில் சட்டம். அமெரிக்காவில் தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்து எழும்பி வேலையைத் தொடங்கினால், அந்த நிமிடத்தில் இருந்து 14 மணித்தியாலம் உங்களுக்கு. அதற்குள் 11 மணித்தியாலம் ஓட்டலாம். 8 மணித்தியாலம் ஓடி முடிந்த பிறகு 30 நிமிடமாவது ஓட்டாமல் இருந்தால்தான் மேலே ஓட்டலாம். எட்டு நாளில் மொத்த வேலை 70 மணித்தியாலத்தைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ஓட்டக்கூடாது. ஒரேயடியாக 34 மணித்தியாலம் ஓய்வெடுத்தால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். கனடாவில் கொஞ்சம் தாராளம். 13 மணித்தியாலம் ஓட்டலாம், 14 மணித்தியாலம் வேலை செய்யலாம், எல்லாம் தொடங்கியதில் இருந்து 16 மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும். ஓய்வு நாளுக்கு 10. அதில் 8 தொடர்ச்சியாக, மிச்சம் இரண்டை அரை மணித்தியாலத்துக்குக் குறையாத துண்டுகளாக எடுக்கலாம்.

எல்லை தாண்டினால் அமெரிக்கக் கணக்கு. அதுவும், கனடாவில் ஓடிய நேரத்தையும் சேர்த்து. இதைத்தான் புதுப் பெடியள் கவனிக்கிறதில்லை. மொன்றியலில் இருந்து வின்ட்சர் கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். விடிய வெளிக்கிட்டு 401 ஆம் நெடுஞ்சாலையில் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடிவந்து, கனடாச் சட்டப்படி இன்னும் நேரம் கிடக்குது என்று எல்லையில் இருக்கிற அம்பாசடர் பாலத்தில் ஏறினால், டெட்ரொயிட்டில் இறங்கும்போது 11 இல் மிச்சம் இரண்டு மணித்தியாலம்கூட இராது. பாலத்தில் வரிசை நின்றால் அதற்குள்ளும் கொஞ்சம் போய்விடும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அனுபவப்பட்ட ஒருவரும் 11 ஐ வைத்துத் திட்டம் போடமாட்டார். 14 ஐ வைத்துத்தான் போடுவார். 11 நீங்கள் ஓட்டினால் மட்டும் குறையும். 14 நீங்கள் சாப்பிட்டாலும் குறையும், எண்ணெய் அடித்தாலும் குறையும், கிடங்கு வாசலில் சும்மா நின்றாலும் குறையும். அதனால் இரவு எங்கே நிறுத்திப் படுக்கப்போகிறேன் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வரவேண்டும். பெரிய நகரங்களுக்குப் பக்கத்தில் ட்ரக் ஸ்டொப்புகள் பின்னேரத்திலேயே நிரம்பத் தொடங்கிவிடும். இரவு எட்டு மணிக்குப் போய் இடம் தேடினால் நெடுஞ்சாலை ஏறும் வளைவின் ஓரத்தில்தான் நிற்கவேண்டி வரும். அது சட்டத்துக்கும் புறம்பு, உயிருக்கும் ஆபத்து. நான் அதனால் விடியப்புறம் மூன்று நான்கு மணிக்கே வெளிக்கிட்டு, பின்னேரம் மூன்று நான்கு மணிக்கு நிறுத்துகிற மாதிரித்தான் ஓடுவேன். வீட்டில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது. "வெளிச்சம் இருக்கேக்கையே ஏன் நிப்பாட்டிப்போட்டு நிக்கிறியள்" என்று என் மனைவியே கேட்பா.

நிறுத்த இடம் என்பது சின்ன விஷயம் இல்லை. 2009 இல் தென் கரோலைனாவில் ஒரு ஓட்டுநர், சரக்கு இறக்குமிடத்துக்கு நேரத்தோடு வந்துவிட்டதால் உள்ளே நிற்க இடமில்லாமல், கைவிடப்பட்ட ஒரு எரிபொருள் நிலையத்தில் நிறுத்தியிருந்தபோது கொள்ளைக்காரன் சுட்டுக் கொன்றுவிட்டான். அவருடைய மனைவி விடாமல் போராடியதால் 2012 இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியதுதான் ஜேசன் சட்டம். ட்ரக் தரிப்பிடங்கள் போதுமா என்று கணக்கெடுக்கவும் அதற்குக் காசு ஒதுக்கவும் அது வழிசெய்தது. ஆனால் இன்றைக்கும் இடம் போதாது. இரவில் அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தால் தெரியும்.

சரி, எனக்கு நடந்ததைச் சொன்னால் இன்னும் விளங்கும். லெமிங்டனில் இருந்து தக்காளி. வின்ட்சருக்குத் தென்கிழக்கே எரி ஏரிக் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடிக் கூடாரமாக இருக்கிற ஊர் அது. இரவு அங்கேயே ஏற்றிவிட்டுப் படுத்து, விடிய நான்கு மணிக்கு வெளிக்கிட்டேன். பாலத்தில் பிரச்சினை இல்லை, 75 ஆம் நெடுஞ்சாலையில் பிரச்சினை இல்லை. பத்தரைக்கு சின்சினாட்டிக்குப் பக்கத்தில் ஒரு மளிகைப் பெருங்கிடங்கின் வாசலில் நின்றேன். பதினொரு மணிக்கு அப்பொயின்ட்மென்ட். ஓடியது ஆறு மணித்தியாலம்கூட இல்லை. என் கணக்குப்படி ஒரு மணிக்கு இறக்கிவிட்டு, மூன்றரைக்கு வடக்கே எனக்குத் தெரிந்த ஒரு ட்ரக் ஸ்டொப்பில் நிறுத்தி, குளித்துச் சாப்பிட்டுப் படுக்கலாம்.

பதினொரு மணிக்கு வெளி வரிசையில் நிற்கச் சொன்னார்கள். பன்னிரண்டுக்கு உள் வரிசைக்கு. ஒன்றுக்கு மறுபடி நகர்த்தி வேறொரு வேலி ஓரம். இரண்டுக்குப் பிறகு டொக், அதாவது ட்ரெய்லரை ஒட்டி நிறுத்திச் சரக்கு இறக்குகிற வாசல், தந்தார்கள். டொக்கில் ஒருவர் வந்து ஒரு தக்காளிக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டுப் போனார், பிறகு கனநேரம் ஒருவரும் இல்லை. நான்கு மணிபோல் பலகைகள் ஆடத் தொடங்கின. ட்ரெய்லருக்குள் போர்க்லிஃப்ட் ஏறினால் கபின் மெல்ல ஆடும். படுத்திருந்தாலும் உடம்புக்குத் தெரியும், வேலை தொடங்கிவிட்டது என்று. கையெழுத்து வைத்த தாளைக் கையில் தரும்போது ஐந்து இருபது. ஆறு மணிக்கு என்னுடைய 14 முடிகிறது.

இந்த இடத்தில் ஒருவர் வந்து "ஏன் ஸ்ப்ளிட் போடவில்லை?" என்று கட்டாயம் எழுதுவார். அவருக்கு முன்கூட்டியே பதில். ஆம், அமெரிக்கச் சட்டத்தில் ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று வண்டிக்குள் இருக்கிற படுக்கையில் குறைந்தது 7 மணித்தியாலம், மற்றது குறைந்தது 2, இரண்டும் சேர்ந்து 10 வரவேண்டும். அப்படிப் பிரித்தால் இரண்டு துண்டும் 14 இல் சேராது. டொக்கில் இரண்டு மூன்று மணித்தியாலம் நிம்மதியாக விட்டார்களானால் அது அருமையான வழி, நானே பலமுறை அப்படித்தான் தப்பியிருக்கிறேன். ஆனால் அது தொடர்ச்சியாக இருக்கவேண்டும். மணித்தியாலத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி "முன்னுக்கு எடு" என்றால், வண்டி நகர்ந்ததும் ஓய்வு முறிந்தது. மணிக்கு ஐந்து மைலைத் தொட்டால் மெஷின் தானாகவே "ஓட்டுகிறார்" என்று மாற்றிவிடும். நகராமல் ஐந்து நிமிடம் நின்றால் இன்னும் ஓட்டுகிறாயா என்று கேட்கும். பதில் சொல்லாவிட்டால் ஒரு நிமிடத்தில் "வேலையில், ஓட்டவில்லை" என்று போடும். தானாக ஓய்வு என்று ஒருபோதும் போடாது. அதை நாங்கள்தான் அழுத்தவேண்டும். டொக்கில் நின்ற மிச்ச நேரமோ, தாளுக்காக மூன்று தரம் கிடங்கு அலுவலக ஜன்னலுக்கு நடந்ததில் போய்விட்டது.

கம்பெனியில் லோட் ஒதுக்குகிற டிஸ்பாச்சர் அழைத்தார். நம்முடைய பெடியன்தான், என்னைவிட நன்றாக வயது குறைந்தவர்.

"அண்ணை, பதினொன்றில இன்னும் அஞ்சு கிடக்குது எல்லோ. பீசியில போட்டுட்டு டொலிடோவுக்கு வாங்கோ. விடிய அஞ்சு மணிக்கு அங்க லோட் இருக்கு."

"தம்பி, பதினாலு முடியப் போகுது. பீசி கிட்டடியில இருக்கிற இடத்துக்குப் படுக்கப் போறதுக்கு. லோட் எடுக்கப் போறதுக்கு இல்லை."

"எல்லாரும் செய்யினம் அண்ணை."

"அப்ப அதை எழுத்தில அனுப்புங்கோ."

எழுத்தில் ஒன்றும் வரவில்லை. பீசி என்பது சொந்தத் தேவைக்கு வண்டியை ஓட்டுவது. அந்த நேரம் கணக்கில் சேராது. சரக்கு இறக்குமிடத்தில் நேரம் முடிந்துவிட்டால், பக்கத்தில் உள்ள பாதுகாப்பான இடம் ஒன்றுக்கு ஓய்வெடுக்கப் போவதற்கு அமெரிக்காவில் அதை அனுமதிக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த லோடுக்குக் கிட்டப் போக இருநூறு மைல் ஓடினால் அது பொய் லொக். பிடிபட்டால் கம்பெனிக்காரன் தொலைபேசியை எடுக்கமாட்டான், பேர் கெடுவது எனக்கு. கிடங்குக் காவலாளியோ "இரவு இங்கே நிற்க முடியாது" என்று கேட்டைக் காட்டினார். முதல் ட்ரக் ஸ்டொப் நிரம்பியிருந்தது. இரண்டாவதில் காசு கட்டி ஒதுக்குகிற இடம் ஒன்று கிடைத்தது. அந்தக் காசும் என் பையில் இருந்துதான். பத்து மணித்தியாலம் முடிகிறவரைக்கும் நான் அசையவில்லை. டொலிடோ லோட் வேறொருவருக்குப் போனது. பிறகு எனக்கு வந்ததெல்லாம் கிட்டத்து லோடும், காத்திருக்கிற லோடும்தான். அந்தக் கம்பெனியை விட்டு விலகினேன். இன்றைக்கும் அதே முடிவைத்தான் எடுப்பேன்.

இப்படி வற்புறுத்துவதே அமெரிக்காவில் சட்டமீறல் என்பது அநேகருக்குத் தெரியாது. 2016 இல் இருந்து, நேர விதியை மீறச் சொல்லி ஓட்டுநரை மிரட்டினால் கம்பெனி மேலும், சரக்குக்காரர் மேலும், புரோக்கர் மேலும் முறைப்பாடு கொடுக்கலாம், 90 நாளுக்குள். "என்னால் முடியாது, அது விதியை மீறுவது" என்று நீங்கள் சொன்னதற்கு ஆதாரம் இருக்கவேண்டும். அதனால்தான் எழுத்தில் கேளுங்கள் என்கிறேன்.

பழைய ஆட்கள் சிலர் வந்து "மெஷின் வந்துதான் தொழிலைக் கெடுத்தது, முந்தி நாங்கள் நித்திரை வந்தால் படுத்தோம், வராவிட்டால் ஓடினோம்" என்பார்கள். அவர்களோடு சண்டைபோட விரும்பவில்லை. மெஷின் கட்டாயம் என்ற விதி அமெரிக்காவில் 2017 டிசம்பரிலும் கனடாவில் 2021 ஜூனிலும் வந்தது, கனடாவில் 2023 ஜனவரியில் இருந்து பிடிக்கத் தொடங்கினார்கள். எனக்கு மெஷின் மேல் கோபமில்லை. பேப்பர் காலத்தில் இரண்டு லொக் புத்தகம் வைத்திருந்தவர்களையும் தெரியும், காலை நான்கு மணிக்குக் கண் செருகி வண்டியை மரத்தில் மோதியவரையும் தெரியும். என் கோபமெல்லாம், மணிக்கூடு என்னை மட்டும் பார்க்கிறது, கிடங்குக்காரனைப் பார்ப்பதில்லை என்பதில்தான். ஆறு மணித்தியாலம் என்னைப் பிடித்து வைத்தவனுக்கு ஒரு விதியும் இல்லை. காத்திருப்புக் காசுகூட வழமையாக முதல் இரண்டு மணித்தியாலத்துக்குத் தரமாட்டார்கள். மைலுக்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு நின்ற நேரம் வெறும் நேரம்.

இதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் "உன் பெயரில் ஒரு கோப்பரேஷன் பதிந்துகொண்டு வா, வரி பிடிக்காமல் முழுக் காசும் தருவம்" என்கிற, அதாவது சம்பளத்துக்கு வேலை செய்கிறவரைத் தனிக் கம்பெனியாகக் காட்டுகிற, கம்பெனிகள் இங்கே ஏராளம். ட்ரக் அவர்களுடையது, லோட் அவர்களுடையது, எப்போது வா எப்போது போ என்பதும் அவர்கள் சொல்வது. ஆனால் நீங்கள் தொழிலாளி இல்லையாம். விடுமுறைக் காசு இல்லை, வேலை போனால் காப்புறுதி இல்லை, அடிபட்டால் நட்டஈடு இல்லை. மாகாணத்துக்கு மாகாணம், நாட்டுக்கு நாடு ஓடுகிற தொழிலாளிக்குக் கனடாத் தொழிற்சட்டப்படி வாரம் 60 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் கூடுதல் சம்பளம் உண்டு. கோப்பரேஷன்காரனுக்கு அதுவும் இல்லை. ஊரில் தோட்டத்தை ஈடு வைத்து வந்த பிள்ளை ஒருவர் வருட முடிவில் வரிக் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்து அழுதார். அவரை அந்தக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் விட்டது அவருடைய சொந்த மாமா. இதைக் கோயிலிலும் கலியாண வீட்டிலும் சொன்னால் "நீங்கள் ஏன் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கிறியள்" என்கிறார்கள். யாருடைய பிழைப்பு?

திட்டமிடுவது பற்றி மிச்சம் கொஞ்சம். தொடங்கும்போதே இரண்டு நிறுத்துமிடம் குறித்துவையுங்கள், ஒன்று நினைத்த இடம், மற்றது அதற்கு ஒரு மணித்தியாலம் முன்னால். 30 நிமிட இடைவெளியை எண்ணெய் அடிப்பதோடோ டொக்கோடோ சேர்த்துவிடுங்கள். 2020 செப்டம்பருக்குப் பிறகு ஓட்டாமல் செய்கிற வேலையும் அதற்குச் செல்லும். பனிக்காலத்தில் எதிர்பாராத புயல் வந்தால் இரண்டு மணித்தியாலம் கூட ஓட இடமுண்டு, ஆனால் வெளிக்கிடும்போதே வானிலையில் சொல்லியிருந்தால் அது செல்லாது. டொக்குக்குப் போன உடனே, எவ்வளவு நேரம் எடுக்கும், இடையில் நகர்த்தவேண்டி வருமா என்று ஜன்னலில் கேளுங்கள். நகர்த்தவேண்டி வராது என்றால் உடனே மெஷினைப் படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த வழியால் ஓடப்போகிறீர்கள் என்று கீழே எழுதினால், 401 இலும் 75 இலும் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்தவரைக்கும் சொல்கிறேன்.